300 என்று எழுதினேன்

ஒரு பறவையின் காலில் வளையத்தைத் தப்பாகப் பூட்டிவிட்டு, சரியாகப் பூட்டியதாகப் பதிவேட்டில் எழுதினேன். அதையும் என் பேரில் எழுதவில்லை, இன்னொருவர் பேரில் எழுதினேன். உரியவரிடம் சொல்ல எனக்குப் பதினொரு மாதம் பிடித்தது.

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் ஒரு பொதுத் தோட்டம் இருக்கிறது. முன்பக்கம் ரோஜாப் பாத்திகளும் கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்ளும் கொடிப்பந்தலும். பின்கோடியில் பழப்புதர்கள் மண்டிய ஒரு பகுதி உண்டு. ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை அங்கே பத்து வலைகள் கட்டுவார்கள். கனடாவின் காடுகளில் குஞ்சு பொரித்த சிறு பறவைகள் குளிருக்கு முன்னால் தெற்கே இறங்கும் வலசைக் காலம் அது. இரவெல்லாம் பறந்து, விடிகிற நேரத்தில் பசியோடு எந்தப் பச்சை கண்ணில் படுகிறதோ அங்கே இறங்கும். சுற்றிலும் நெடுஞ்சாலையும் கடைத்தொகுதியும் இருக்கும் எங்கள் பகுதியில் அந்தப் பச்சை இந்தத் தோட்டம்தான்.

வலை ஒவ்வொன்றும் 12 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம். மிஸ்ட் நெட் என்பார்கள். நூல் அவ்வளவு மெல்லிசு. அரை இருட்டில் நானே இரண்டு முறை முகத்தைக் கொடுத்திருக்கிறேன். மோதிய பறவை அடியில் தொங்கும் மடிப்புக்குள் விழுந்து கிடக்கும். அரைமணிக்கு ஒரு சுற்றுப் போய் எடுத்து, துணிப்பையில் போட்டு, மேஜைக்கு மேல் கொக்கியில் மாட்டுவோம். வளையம், வயது, இறக்கை நீளம், கொழுப்பு, எடை என்று எல்லாம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். பிறகு உள்ளங்கை விரியும், பறவை போய்விடும்.

இதை நினைத்தவரெல்லாம் செய்ய முடியாது. மேரிலாண்டின் லாரலில் மத்திய அரசின் பறவை வளைய ஆய்வகம் இருக்கிறது. அது உரிமம் கொடுத்தவர்தான் வளையம் போடலாம். பழகுகிறவர்கள் அவர் கண்ணெதிரே, அவர் பொறுப்பில் போடலாம். 1920 முதல் நடக்கும் ஏற்பாடு இது. 1960க்குப் பிறகு மட்டும் 6 கோடிக்கு மேற்பட்ட பறவைகளின் காலில் அந்த அலுமினிய வளையம் ஏறியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு எண். அந்த எண்ணுக்கு எதிரே நாம் எழுதுவதுதான் அந்தப் பறவையின் ஜாதகம். எழுதியது பொய்யானால் அந்த வளையம் வெறும் தகரத் துண்டு.

எங்கள் நிலையத்தில் உரிமம் வைத்திருப்பவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். முதல் நாளே அவரிடம், நான் கோடியக்கரைப் பக்கத்துக்காரன், சலீம் அலி வந்து போன மண், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் போட்ட இடம் என்று அளந்துவிட்டேன். அவர் கண்ணில் மரியாதை கூடியது தெரிந்தது. சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் கோடியக்கரையில் நான் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில் ஒரு பிற்பகல், உப்பளமும் தூரத்தில் ரோஸ் நிறக் கோடாக நின்ற பூநாரைக் கூட்டமும், அவ்வளவுதான். அதை அவரிடம் சொல்லவில்லை. உண்மையை வைத்தே ஏமாற்றும் வித்தை எனக்கு முன்பே கைவந்திருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வருடம் என் வேலை எழுதுவது. அவர் சொல்லச் சொல்ல நான் பென்சிலால் கட்டங்களை நிரப்புவேன். கணினி வேலை பார்க்கிறவனுக்கு அது பிடித்த வேலைதான். என் கையெழுத்து குண்டுகுண்டாக இருக்கும். ஏழும் ஒன்றும் குழம்பாது. பக்கங்களை அவர் மறுபடி பார்ப்பதை நிறுத்திவிட்டார். “உன் பக்கத்தைச் சரிபார்ப்பது நேர விரயம்” என்று ஒருநாள் சொன்னபோது எனக்குச் சம்பள உயர்வு வந்த மாதிரி இருந்தது.

மூன்றாம் வருடம் குறடு கைக்கு வந்தது. சாதாரணக் குறடு இல்லை. வாயில் வளையத்தின் அளவுக்குக் கச்சிதமாகத் துளை இருக்கும். திறந்த வளையத்தை அந்தத் துளைக்குள் உட்காரவைத்து, பறவையின் காலைச் சுற்றிக் கொண்டுவந்து, ஒரே சீராக அழுத்த வேண்டும். இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும். இடைவெளி இருந்தால் நூலோ சுள்ளியோ மாட்டும். அழுத்தும்போது வளையம் துளையில் சரியாக உட்காராமல் இருந்தால் ஒரு முனை மற்றதன் மேல் ஏறிவிடும். ஏறினால் வட்டம் சுருங்கும், விளிம்பு காலில் உரசும். இவை எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்க நாற்பது வளையம்வரை போட்டிருந்தேன், ஒன்றும் பிசகவில்லை.

அக்டோபரில் கொலம்பஸ் தின விடுமுறை வந்தது. மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் விடுப்பு. பள்ளியின் வாட்ஸாப் குழுவில் நான் ஒரு அழைப்புப் போட்டேன்: “சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாருங்கள். பறவைக்கு வளையம் போடுவதைக் காட்டுகிறேன்.” ‘காட்டுகிறோம்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

பதினாறு பேர் வந்தார்கள். ஒரு குடும்பம் இட்லிப் பாத்திரத்தையே தூக்கிக்கொண்டு வந்திருந்தது. உரிமம் வைத்திருந்த அம்மா எல்லாரையும் சிரித்த முகத்தோடு வரவேற்று, ஒரு குருவியை எடுத்து, கழுத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பிடிக்கும் விதத்தைக் காட்டினார். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பெரியவர்கள் என்னைப் பார்த்து, “நீங்க போடலையா?” என்று கேட்டார்கள். இரண்டு பேர் கேட்டார்கள். மூன்றாவதாகக் கேட்டது என் மகள்.

அப்போது வாக்கி டாக்கியில் ஏழாம் வலையிலிருந்து அழைப்பு வந்தது. கேட்பேர்டு என்ற பறவை ஒன்று நூலில் பின்னிக் கிடக்கிறது, எடுக்க முடியவில்லை என்றார்கள். கொக்கியில் ஒரு பை மிச்சம் இருந்தது. “நான் வரும்வரை அதைத் தொட வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அவர் போனார். இருபது பேர் காதில் விழ அவர் சொன்ன அந்த வாக்கியத்தை நான் கேட்கவில்லை என்று சொல்ல வழியே இல்லை.

நாலு நிமிடம் பொறுத்தேன். பிறகு பையை இறக்கினேன். பறவை பையில் அதிக நேரம் தொங்கக் கூடாது என்று கூட்டத்துக்கு விளக்கமும் சொன்னேன். விதிதான் அது, ஆனால் நான் இறக்கியது விதிக்காக இல்லை.

பைக்குள் இருந்தது பிளாக்போல் வார்ப்ளர். வசந்தத்தில் ஆணுக்குக் கறுப்புத் தொப்பி போட்ட மாதிரி தலை இருக்கும், எளிதில் சொல்லிவிடலாம். இலையுதிர் காலத்தில் தொப்பி போய்விடும். ஆணும் பெண்ணும் அந்த வருடக் குஞ்சும் ஒரே பாசிநிறம். பே பிரெஸ்டட் வார்ப்ளர் என்ற இன்னொன்றோடு குழப்பிக்கொள்ளாத ஆள் கிடையாது. பாதத்தைப் பார்க்க வேண்டும், பிளாக்போலின் உள்ளங்கால் மஞ்சள். நான் பறவையை மல்லாத்திக் காலைக் காட்டி, “பாருங்க, மஞ்சள் கால்” என்றேன். கைதட்டினார்கள். இந்தப் பறவை சாதாரணமாக ஒன்றரைப் பவுன் எடைதான் இருக்கும், கடல் தாண்டப் போவதால் இப்போது கொழுத்து இரண்டேகால் பவுனாவது இருக்கும் என்றேன். பவுன் கணக்கு எல்லாருக்கும் உடனே பிடிபட்டது.

ஒரு நண்பர் கைபேசியைத் தூக்கி, “இங்க பாருங்க” என்றார். நான் பார்த்தேன், சிரிக்கவும் செய்தேன். அந்த நேரத்தில் கை அழுத்திவிட்டது.

குறடை எடுத்தபோதே தெரிந்துவிட்டது. ஒரு முனை மற்றதன் மேல் நகக்கண் அளவுக்கு ஏறி நின்றது. வளையம் காலில் மேலும் கீழும் நகர்ந்தது. நகர்கிறதே, போதும் என்று மனசு சொல்லிற்று. போதாது என்பதும் அதே மனசுக்குத் தெரியும். ஏறிய வளையத்தைப் பழக்கமில்லாதவன் பிரிக்கப் போனால் கால் முறிந்துவிடும். அந்த அம்மாவின் பெட்டியில் அதற்கென்றே சின்னக் கருவிகள் இருந்தன, அவருக்குச் செய்யவும் தெரியும். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். வாக்கி டாக்கியை எடுத்து, தப்பு செய்துவிட்டேன், வாருங்கள் என்று சொல்ல வேண்டும். அது மேஜையில் என் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது.

பதினாறு பேர் நிற்கிறார்கள். என் மகள் உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

பறவையை அவள் கையில் வைத்தேன். அரை வினாடி உட்கார்ந்திருந்தது. போய்விட்டது.

அந்த அம்மா திரும்பி வந்து, பையில் என்ன இருந்தது என்று கேட்டார். “பிளாக்போல். விட்டுவிட்டேன்” என்றேன். வளையம் போடாமல் விட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். பை நேரம் கடந்தால் அப்படி விடுவதுதான் முறை. “நல்ல முடிவு” என்று தோளைத் தட்டினார். விருந்தினர்கள் அதற்குள் இட்லியைத் தேடிப் போயிருந்தார்கள்.

வளையம் போடாமல் விட்டதாக அப்படியே விட்டிருக்கவும் முடியாது. வளையங்கள் சரத்தில் வரிசையாக வரும், ஒன்று குறைந்தால் கணக்கு இடிக்கும். அதனால் அன்றைய பக்கத்தில் இரண்டு பறவைகளுக்கு நடுவே அந்த எண்ணை எழுதினேன். வளையம் போட்டவர் என்ற கட்டத்தில் என் பெயரின் எழுத்துகளைப் போட்டால், பக்கத்தில் நின்று மேற்பார்த்தது யார் என்ற கேள்வி வரும். அவர் பெயரின் எழுத்துகளைப் போட்டேன். எடை, இறக்கை நீளம் எதையும் நான் அளக்கவில்லை. அவற்றை வெற்றாக விட்டேன். கற்பனை எண் போடாதவரை நான் நேர்மையானவன் என்று அப்போது நினைத்துக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடைசிக் கட்டம் பறவையின் நிலை. அதற்கு மூன்று இலக்கக் குறியீடு உண்டு. 300 என்றால் நலமாக இருந்த காட்டுப் பறவை, வழக்கமான வளையம் மட்டும் போட்டு விடப்பட்டது என்று பொருள். காயமோ நலிவோ இருந்தால் 5இல் தொடங்கும் குறியீடு.

300 என்று எழுதினேன். குண்டுகுண்டாக, தெளிவாக.

வீட்டுக்குத் திரும்பும்போது காரின் பின்சீட்டிலிருந்து மகள் கேட்டாள்: “அப்பா, அந்த ரிங் மத்த ரிங் மாதிரி ரவுண்டா இல்லையே?”

“அந்தப் பறவைக்கு அப்படித்தான்மா” என்றேன்.

மனைவி கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இரவு பாத்திரம் கழுவும்போதுதான், “என்னாச்சு உங்களுக்கு, அதே டம்ளரையே தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்க?” என்றாள்.

அடுத்த சில வாரம் நான் பிளாக்போல் பற்றிக் கண்டதையெல்லாம் படித்தேன். 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் இந்தப் பறவைகளின் முதுகில் குட்டிக் கருவி கட்டி அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கிளம்பி, அட்லாண்டிக் மேல் எங்கும் இறங்காமல் இரண்டு மூன்று நாள் பறந்து, 2,270 முதல் 2,770 கிலோமீட்டர் கடந்து கரீபியத் தீவுகளில் இறங்குகிறது. அங்கிருந்து தென் அமெரிக்கா. பறக்கும்போது கால் வேலை செய்யாது, வளையம் உரசாது என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். பறவை இறங்கவும் வேண்டுமே. இறங்கினால் கிளையில் கால் ஊன்றித்தானே புழு பிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் படித்தேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் 22 வளைய அமைப்புகளின் பதிவேடுகளைத் திரட்டி, 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட வலைப் பிடிப்புகளை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. காயம் 0.59 சதவீதம், சாவு 0.23 சதவீதம். மிகக் குறைவு, இந்த வேலை பாதுகாப்பானது என்பது அதன் முடிவு. எங்கள் மேஜைக்கு வரும் பார்வையாளர்களிடம் இந்த எண்களை நானே பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அவற்றைப் பார்த்தால் வேறு ஒன்று தெரிந்தது. தன் கையால் நேர்ந்த கேட்டைத் தானே எழுதிவைத்த மனிதர்களின் கணக்கு அது. எவனோ ஒருவன் வெட்கப்படாமல் ஐந்தில் தொடங்கும் குறியீட்டை எழுதியிருக்கிறான், அதனால்தான் அந்த 0.59 இருக்கிறது. என்னைப் போன்றவன் எழுதிய பக்கம் இருந்தால் அந்த எண் இன்னும் அழகாகக் குறையும்.

அற்ப ஆறுதலும் தேடினேன். பறவைக் காலில் அமெரிக்காவில் முதலில் அடையாளம் கட்டியவர் ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான் என்று சொல்வார்கள். 1804இல் பென்சில்வேனியாவின் மில் க்ரோவ் பண்ணையில் ஃபீபீ என்ற பறவையின் குஞ்சுகளுக்கு வெள்ளி இழை கட்டினாராம், மறு வருடம் இரண்டு திரும்பி வந்தனவாம். 2018இல் ஒரு ஆய்வாளர் தேதிகளை ஒத்துப் பார்த்தபோது, அவை திரும்பியிருக்க வேண்டிய 1805 வசந்தத்தில் ஆடுபான் பிரான்ஸில் இருந்தது தெரிந்தது. ஆகா, இந்தத் தொழிலின் பிள்ளையார் சுழியே பிசகு போலிருக்கிறதே என்று ஒரு இரவு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்தபோது தோன்றியது: அவர் அளந்திருந்தாலும் சொந்தப் பேரில் அளந்தார்.

மாட்டிக்கொள்ளும் பயம் எனக்குத் துளிக்கூட இல்லை. ஒருமுறை வளையம் போட்ட இந்தச் சிறு பறவைகளில் நூற்றுக்கு ஒன்றுகூட மறுபடி யார் கையிலும் சிக்குவதில்லை. கேட்க ஆளே வராத இடத்தில் செய்த தப்பு என்பதால்தான் அது அப்படி அரித்தது. யாராவது பிடித்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

அடுத்த செப்டம்பரில் வலை கட்டிய ஒரு நாள் அந்த அம்மா ஒரு உறையைக் கொடுத்தார். என் பெயரில் துணை உரிமத்துக்கு அவர் எழுதியிருந்த பரிந்துரை. இரண்டாம் பத்தியில், இவர் எழுதும் பதிவேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று இருந்தது. படித்தேன். உறைக்குள் திருப்பி வைத்தேன். நின்றவாக்கில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முதலில் கேட்டது, “எந்தக் கால்?”

“வலது.”

“எவ்வளவு ஏறியிருந்தது?”

நகத்தைக் காட்டினேன்.

“இரண்டு நிமிட வேலை” என்றார். “கூப்பிட்டிருந்தால் பிரித்து எடுத்திருப்பேன்.”

பிறகு பழைய பதிவேட்டை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். தன் பெயரின் எழுத்துகள் என் கையெழுத்தில் இருந்ததை வெகுநேரம் பார்த்தார். எனக்கும் கையால் தப்பு நடந்திருக்கிறது, பறவை செத்தும் இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன் என்றார். “இப்போது உன் மூன்று வருடப் பக்கத்தையும் நான் முதலிலிருந்து பார்க்க வேண்டுமே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். அவ்வளவு வேலையை ஒரு எழுபது வயதுக்காரர் தலையில் ஏற்றியிருக்கிறேன் என்பது அந்த நிமிடம்வரை எனக்கு உறைக்கவே இல்லை. பதினொரு மாதமாக நான் கவலைப்பட்டது அந்தப் பறவையைப் பற்றியும் என்னைப் பற்றியும்தான்.

நாலு வார இறுதிகள் உட்கார்ந்தோம். வளையச் சரங்களின் எண்ணையும் பக்கங்களையும் வரிவரியாக ஒத்துப் பார்த்தோம். இரண்டு இடத்தில் இலக்கம் இடம் மாறியிருந்தது. யாருக்கும் நேர்கிற பிழைதான். ஆனால் ஒவ்வொன்றிலும் அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அப்படிப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. ஆய்வகத்துக்குத் திருத்தம் அனுப்பினார். பிளாக்போலின் வரியில் என் பெயரின் எழுத்துகள் வந்தன, நிலைக் குறியீடும் மாறிற்று. பரிந்துரைக் கடிதத்தை அவர் கிழிக்கவில்லை, அனுப்பவும் இல்லை. குறடு அவர் கைக்குப் போயிற்று. பென்சில் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு நாள் முடிவிலும் என் பக்கத்தை அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்.

அந்த வளையத்தைக் கண்டதாக இதுவரை எங்கிருந்தும் தகவல் இல்லை.

தமிழ்ப்பள்ளி நண்பர்கள் அன்று எடுத்த படத்தை இன்னும் குழுவில் பகிர்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், கையில் பறவை, பக்கத்தில் என் மகள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன், படித்துக்கொள்ளட்டும். மகளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பறவைக்கு வளையம் அப்படித்தான் இருக்கும் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தமிழ்ப்பள்ளியில் அவள் இப்போது மூன்றாம் நிலை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். இவ்வளவு நீளமான கட்டுரையைத் தானாகப் படிக்க இன்னும் இரண்டு வருடமாவது ஆகும்.